அடிக்காத தமுக்கு

3 ஜூலை 2025, வியாழன்

காலையிலேயே ஆஸ்பத்திரியில் என் மருந்துக் கவுன்டரில் ஒரு சண்டை. டோக்கன் இருபதை வைத்துக்கொண்டு ஏழாவது ஆளுக்கு முன்னால் கையை நீட்டிய மனிதர், "நான் யார் தெரியுமா?" என்றார். "டோக்கன் இருபது" என்றேன். பக்கத்து கவுன்டரில் சிரித்தார்கள். இந்த வாய் உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று அம்மா அடிக்கடி கேட்பாள். அப்பாவிடமிருந்து இல்லை, அது நிச்சயம்.

சாப்பாட்டு நேரத்தில் உப்பிலி சார் போன் பண்ணினார். அப்பாவோடு ஒரே வருஷம் வக்கீலானவர், இப்போது வக்கீல் சங்கத் தலைவர். சங்கக் கூடத்தில் அப்பாவின் படத்தைத் திறக்கப் போகிறார்களாம், ஆகஸ்ட் 29 அன்று. நீதிபதி ஜெரோம். செங்கல்பட்டில் பதினேழு வருஷம் வக்கீல், பிறகு பதினெட்டு வருஷம் வெளியூர்களில் ஜட்ஜ், இறந்து மூன்று வருஷம். விழா மலருக்குக் குடும்ப வரலாறு நான்கு பக்கம் நான் எழுதித் தர வேண்டும்.

"தாத்தா, பாட்டி, எந்த ஊர், எப்படிப் படிக்க வெச்சா, எல்லாம் வரணும்மா. சேரியிலேருந்து வந்து ஜட்ஜ் நாற்காலியில உக்காந்தவன். படிக்கற பசங்களுக்குத் தெரியணும்."

நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத்தான் ஒரு வார்த்தை சுருக்கென்றது.

அம்மா இப்போதே பீரோவைத் திறந்து எந்தப் புடவை என்று பார்க்கிறாள். இன்னும் எட்டு வாரம் இருக்கிறது.

6 ஜூலை, ஞாயிறு

நான்கு பக்கம் கேட்கிறார்கள், எனக்கு நாலு வரி தெரியவில்லை. தாத்தா பெயர் ஏசுபாதம். சொந்த ஊர் கருங்குழி. கோர்ட் ஊழியர். 2003-ல் இந்த வீட்டில்தான் இறந்தார், எனக்கு அப்போது பதினேழு வயது. ஆயா அதற்கும் முன்பே போய்விட்டாள். ஸ்டான்லி அண்ணன் சென்னையில் பாங்க் மேனேஜர், எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவன். அவனைக் கேட்டால், "கோர்ட் ஊழியர்னு போடு, போதும்" என்கிறான்.

கருங்குழியில் இருக்கும் மார்கரெட் அத்தைக்குப் போன் போட்டேன். அப்பாவின் ஒரே தங்கை.

"இன்னாது, கோர்ட் ஊழியரா?" அத்தை சிரித்ததில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. "உங்கப்பன் அப்டியா சொல்லி வெச்சிகீறான்? நைனா தமுக்கு அடிச்சுகினு இருந்தாருடி. அமீனா ஜப்திக்குப் போவாரு, நைனா முன்னாடி அடிச்சிகினே போவாரு."

கல்யாணத் தேதி கேட்டேன். அது யாருக்குத் தெரியும், ஆனால் கல்யாணக் கதை ஒன்று சொல்வார் என்றாள்.

"'ஊரே எனக்கு மொய் வெச்சுது, நான் அமீனாவுக்குப் பத்து வெரலு மொய் வெச்சேன்'னு சொல்லுவாரு. சொல்லிட்டு அவரே சிரிச்சுக்குவாரு. எங்களுக்கு ஒண்ணும் பிரியாது."

எனக்கும் புரியவில்லை. மலரில் போட நன்றாக இருக்கும் என்று குறித்துக்கொண்டேன்.

7 ஜூலை, திங்கள்

தமுக்கு என்று ஆரம்பித்ததுமே அம்மா தோசைக் கரண்டியோடு திரும்பினாள். "அதெல்லாம் எழுதாத ஜெபா. அவருக்குப் பிடிக்காது."

செத்து மூன்று வருஷம் ஆன மனிதருக்கு இன்னும் என்னென்னவோ பிடிக்காமல் இருக்கிறது.

விடாமல் பிடுங்கியதில் வேண்டாவெறுப்பாகச் சொன்னாள். கோர்ட் தீர்ப்புப்படி ஒருவர் கையிலிருக்கும் நிலத்தை இன்னொருவரிடம் ஒப்படைக்க அமீனா போவார். ஊர் அறிய நடந்தது என்பதற்குத் தமுக்கு. அடித்தவர் அமீனாவின் ரிப்போர்ட்டில் சாட்சியாகக் கைநாட்டு வைக்க வேண்டும். தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பா வக்கீலான புதிதில் யாரோ அவர் காதுபட, "தமுக்குக்காரன் மகன் கோட்டு போட்டுட்டான்" என்றார்களாம். அன்றிலிருந்து தாத்தா கோர்ட் ஊழியர் ஆனார்.

எனக்கு இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கோபம்தான். நாற்பது வயதாகப் போகிறது, என் தாத்தா என்ன வேலை செய்தார் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

13 ஜூலை, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்! அப்பாவின் மேஜை அடி டிராயரில், ஒரு பழுப்பு உறைக்குள், ஒற்றைக் காகிதம்.

அமீனாவின் ரிப்போர்ட், 6-2-1957. மாமல்லபுரத்துக்கு வடக்கே சவுக்குமேடு என்ற இடத்தில் இருந்த குடிகளை வெளியேற்றி, காலை பத்து மணிக்குத் தமுக்கு அடித்து, நிலத்தை டிகிரிதாரரிடம், அதாவது கேஸில் ஜெயித்தவரிடம், சுவாதீனம் கொடுத்ததாக எழுதியிருக்கிறது. கீழே, "தமுக்கு: கருங்குழி ஏசுபாதம், கைநாட்டு". பக்கத்தில் ஜெராக்ஸில் கறுத்துப்போன ஒரு திட்டு. அது என் தாத்தாவின் விரல்.

பெயருக்குக் கீழே சிவப்புப் பென்சில் கோடு. அப்பாதான் போட்டிருக்க வேண்டும். நகல் வாங்கிய தேதி 1998. ஆக, அப்பாவும் என்னைப் போலவே தாத்தாவைத் தேடியிருக்கிறார்! எத்தனையோ வருஷம் கழித்து அவரோடு பேசிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. அம்மாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "ரசம் பொங்குது" என்று எழுந்து போனாள். அடுப்பில் ரசம் இல்லை.

அடுத்த ஞாயிறு சவுக்குமேட்டுக்குப் போய்ப் பார்க்கப் போகிறேன்.

20 ஜூலை, ஞாயிறு

போயிருக்கவே கூடாது. இல்லை, போக வேண்டியதுதான். தெரியவில்லை.

திருவிடந்தை தாண்டி ஒரு நிறுத்தத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ. கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் முப்பத்தோரு வீடு, மூன்று பக்கமும் நீலத் தகரம் அடித்திருக்கிறது. உள்ளே போனதும் விறகுக்குச் சவுக்கு மிலாறு கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்தார். சின்னையன். எழுபத்தாறு வயதாம். அப்பா பெயரைச் சொன்னேன்.

"ஜெரோம் வக்கீலு பொண்ணா நீ?" உட்காரச் சொல்லவில்லை. "இன்னாத்துக்கு வந்த?"

நான் ஒரு முட்டாள். பெருமையாகக் காகிதத்தை நீட்டி, எங்கள் தாத்தா இங்கே தமுக்கு அடித்திருக்கிறார், அந்த இடத்தைப் பார்க்க வந்தேன் என்றேன். அவர் மருமகள் ஜாய்ஸ் வாங்கிச் சத்தமாகப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் குரல் மாறியது. "மாமா, இது அந்தப் பேப்பரு. இத்த வெச்சுத்தான் நம்மள தொரத்தறாங்க."

பிறகுதான் எனக்குப் புரிய வைத்தார்கள். டிகிரிதாரரின் வாரிசுகள் அந்த இடத்தை ஒரு ரிசார்ட் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். ஐம்பத்தேழிலேயே கோர்ட் மூலம் சுவாதீனம் வாங்கியாயிற்று, இவர்கள் அதற்குப் பிறகு தோப்புக் காவலுக்கு நாங்கள் உட்கார வைத்த ஆட்கள் என்பது அவர்கள் கட்சி. அமீனா வரவே இல்லை, நாங்கள் ஒரு நாளும் வெளியே போகவில்லை என்பது இவர்கள் கட்சி. 1997-ல் இவர்கள் போட்ட கேஸ், தள்ளுபடியாகி, மறுபடி எடுத்து, இன்னும் நடக்கிறது. சாட்சி சொல்லக் கடைசி வாய்தா ஆகஸ்ட் 19. தோற்றால் முப்பத்தோரு வீடும் போய்விடும்.

"எனக்கு அப்போ எட்டு வயசு," என்றார் சின்னையன். "தமுக்கு சத்தம் கேட்டா கொயந்தைங்க சும்மா இருக்குமா? பின்னாடியே ஓடுவோம்ல? அப்டி ஒரு நாளு கெடியாதும்மா. ஒருத்தனும் வர்ல, ஒண்ணும் அடிக்கல."

"அப்போ எங்க தாத்தா பொய் சொன்னாருன்றீங்களா?" என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

"உங்க தாத்தா எனக்குத் தெரியாது. உங்கப்பன தெரியும். எங்க வக்கீலு அவருதான். நம்ம ஆளு, வுட மாட்டாருன்னு நம்பிகினு இருந்தோம். தொண்ணூத்தெட்டுல ஒரு நாளு கூப்ட்டு, கேஸ் கட்ட கைல குடுத்து, வேற ஆள பாத்துக்கோங்கன்ட்டாரு. ஏன்னு கேட்டோம். மூஞ்சியே பாக்கல."

ஜாய்ஸ் தண்ணீர் கொடுத்தாள். குடிக்காமல் வந்துவிட்டேன். அந்த மரியாதைகூட எனக்குத் தெரியவில்லை.

21 ஜூலை, திங்கள்

தாத்தா பொய் சொல்லியிருக்க மாட்டார். கிழவருக்கு எட்டு வயசு ஞாபகம் என்ன பெரிய ஞாபகம்.

27 ஜூலை, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

கல்யாணத் தேதிக்காகக் கருங்குழி கோயிலுக்குப் போனேன். பூசை முடிந்ததும் உபதேசியார் தர்மராஜ் பழைய திருமணப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு. பக்கம் புரட்டப் புரட்டத் தூள் உதிர்ந்தது. மணமகன் ஏசுபாதம், வயது 22, தொழில் "கச்சேரித் தமுக்கு". கச்சேரி என்றால் அந்தக் காலத்தில் கோர்ட். கோயிலில் எதையும் மறைக்கவில்லை. கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு. மசி ஊதா நிறம், ரேகை ஒவ்வொன்றும் தெளிவாக.

தேதி, 1957 பிப்ரவரி 6. புதன். காலை பத்து மணி.

உபதேசியார் "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அதே தேதி, அதே பத்து மணி. தாத்தா கருங்குழியில் மாலை போட்டுக்கொண்டு நிற்கிறார். அவர் விரல் மட்டும் சவுக்குமேட்டில் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.

மதுராந்தகம் ஏரிக் கரையில் பஸ் போகும்போதுதான் அந்தப் பத்து விரல் மொய் எனக்கு உறைத்தது.

28 ஜூலை, திங்கள்

அத்தையிடம் நேராகவே கேட்டேன். வெறும் ஃபாரத்திலா கைநாட்டு வாங்கினார் அமீனா என்று.

"ஆமா பின்ன? கல்யாணத்துக்கு லீவு கேட்டாரு நைனா. நீ பாட்டுக்குப் போய்ட்டா தமுக்குக்கு யாருடா கைநாட்டு வெப்பான்னு, பத்து வெறும் பேப்பர்ல வெரல வெச்சு வாங்கிகினு அனுப்ச்சாரு. அப்பல்லாம் அப்டித்தான். அமீனா வெயில்ல அம்மாந்தூரம் போவாரா? டீக்கடைல ஒக்காந்தே எய்திக்குவாரு."

தமுக்குக்காரரின் கல்யாணம் ஊருக்குச் சிரிப்பு. அந்தப் பத்தில் ஒரு காகிதம் முப்பத்தோரு வீட்டின் மேல் போய் விழுந்தது அத்தைக்குத் தெரியாது. தாத்தாவுக்கும் தெரிந்திருக்காது. நான் சொல்லவில்லை.

29 ஜூலை, செவ்வாய்

அப்பாவுக்குத் தெரியும்.

அப்பாவுக்கு இந்தச் சிரிப்புக் கதை தெரியும், வீட்டில் வளர்ந்த பிள்ளை. அத்தைக்குத் தெரியாவிட்டாலும், தன் அப்பா அம்மா கல்யாண நாள் அவருக்குத் தெரிந்திருக்கும். 1998-ல் நகலை வாங்கினார், பெயருக்குக் கீழே கோடு போட்டார், கட்டைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு வருஷத்தில் ஜட்ஜ் ஆனார்.

தாத்தா அப்போ உயிரோட இருந்தாருப்பா. இதே வீட்ல, அந்த ஜன்னல் பக்கத்துல கட்டில் போட்டு படுத்துகினு இருந்தாரு. அஞ்சு வருஷம் இருந்தாரு. ஒரு தடவ கூட்டிட்டுப் போய் "நான் அன்னிக்கு அங்க இல்ல"ன்னு சொல்ல வெச்சிருந்தா முடிஞ்சிருக்கும். ஏன்பா? ஏன் சொல்லல? அவங்க உன்ன நம்ம ஆளுன்னு நெனச்சாங்களே.

எழுத முடியவில்லை.

2 ஆகஸ்ட், சனி

அண்ணன் வந்தான். அம்மாதான் வரவழைத்திருக்கிறாள். காகிதத்தையும் போட்டோவையும் மேஜையில் வைத்தேன். இரண்டையும் இரண்டு முறை பார்த்தான். அவன் மண்டு இல்லை, உடனே புரிந்துவிட்டது.

"கிழிச்சுப் போடு."

"எதை? கோயில் ரிஜிஸ்டரையா?"

"வெளையாடாத ஜெபா. தாத்தா பொய்க் கைநாட்டு, அப்பா அதை மறைச்ச வக்கீல். இதத்தான் நாலு பக்கம் எழுதப் போறியா? நீதிபதி ஜெரோம்னா இந்த ஜில்லாவுல ஒரு பேர் இருக்கு. அவர மாதிரி வரணும்னு எத்தன பசங்க... நம்ம ஆளுங்களே காறித் துப்புவாங்க."

"அந்த முப்பத்தோரு வீடும் நம்ம ஆளுங்கதான்."

அண்ணன் எழுந்து போய் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

அம்மா மட்டும், "படம் தொறந்துடட்டும். இருபத்தொம்பதாம் தேதிக்கு அப்புறம் என்ன வேணா பண்ணு" என்றாள். சாட்சிக்குக் கடைசி நாள் பத்தொன்பது என்றேன். "எனக்குத் தெரியும்" என்றாள்.

8 ஆகஸ்ட், வெள்ளி

படம் வந்துவிட்டது. அம்மா பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டுமாம், சங்கத்திலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். இடுப்பளவு உயரம், தேக்குச் சட்டம், கறுப்பு அங்கி, வெள்ளைக் கழுத்துப் பட்டை. வரைந்தவர் அப்பாவின் கண்ணுக்குக் கீழ் இருந்த கருவளையத்தை எடுத்துவிட்டார். அம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

பிறகு, நான் கேட்காமலே பேசினாள்.

"எங்கிட்ட சொன்னாரு ஜெபா. அந்தப் பேப்பர் வந்த அன்னிக்கே சொன்னாரு. 'எங்கப்பாவ கூண்டுல ஏத்தி, ஏய், பொய்க் கைநாட்டு வெச்சியான்னு ஒருத்தன் கேப்பான். நான் கவுன் போட்டுகினு அதப் பாத்துகினு நிக்கணுமா?' அப்டின்னாரு. நாந்தான் சொன்னேன், வேணாங்க, கட்டத் திருப்பிக் குடுத்துடுங்கன்னு. என்னத் திட்டு. அவரத் திட்டாத."

அப்பா அதற்குப் பிறகு மாமல்லபுரம் பக்கமே போகவில்லையாம். பள்ளிக்கூடத்தில் எங்களைச் சுற்றுலா கூட்டிப்போனபோது அவர் கையெழுத்துப் போட மறுத்தது ஞாபகம் வந்தது. கடல் பயம் என்று நினைத்திருந்தேன்.

அம்மாவைத் திட்டவில்லை. கட்டிக்கொள்ளவும் இல்லை. இரண்டில் ஒன்றாவது செய்திருக்கலாம்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

கோயிலில் முழங்கால் போட்டேன். ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

சும்மா இருந்துவிட்டால் என்ன? யாருக்கும் தெரியாது. அப்பா இருபத்து நாலு வருஷம் இருந்தார், உயிர் போய்விடவில்லையே. இல்லை... தினமும் கொஞ்சம் போயிருக்குமோ?

11 ஆகஸ்ட், திங்கள்

சவுக்குமேட்டுக்காரர்களின் வக்கீல் ஆனந்தனைப் பார்த்தேன். சின்ன வயது, எதிரே மலையாகக் கட்டுகள். ரிப்போர்ட்டையும் கோயில் போட்டோவையும் அருகருகே வைத்தவுடன் எழுந்து நின்றுவிட்டார்.

"மேடம், கோயில்லேருந்து ரிஜிஸ்டரை வரவழைக்கலாம். ரெண்டு ரேகையும் ஒண்ணுதானான்னு நிபுணர் பாத்துச் சொல்வாரு. ஆனா அந்தக் கருங்குழி ஏசுபாதம்தான் இந்த ஏசுபாதம், வெறும் பேப்பர்ல கைநாட்டு வாங்கினாங்கன்றதைக் குடும்பத்து ஆளு ஒருத்தர் சொல்லணும். நீங்க கூண்டுல ஏறணும்."

அத்தை ஏறட்டுமே என்று நினைத்தேன். அவளுக்கு மூட்டுவலி, ரத்த அழுத்தம். அதைவிட, அவள் அந்தக் கதையைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். கோர்ட்டில் அந்தச் சிரிப்பை அழவைத்துவிடுவார்கள். சரி என்றேன்.

வெளியே வரும்போது தயங்கித் தயங்கிச் சொன்னார். கம்பெனிக்கு வக்கீல் உப்பிலி சார்.

14 ஆகஸ்ட், வியாழன்

உப்பிலி சார் மருந்துக் கவுன்டருக்கே வந்துவிட்டார். டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, முறை வந்ததும், "சாட்சி லிஸ்ட் பார்த்தேன்மா" என்றார்.

எடுத்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தேன்.

"ஜெரோமோட பொண்ணைக் குறுக்கு விசாரணை பண்ணணும்னு எனக்கு எழுதியிருக்கு. கட்சிக்காரனுக்காகக் கேக்க வேண்டியதைக் கேப்பேன். தப்பா நெனச்சுக்காதே." டோக்கனை என் பக்கம் தள்ளினார். "வராம இருந்துடேன். ஜெரோமுக்காகச் சொல்றேன்."

"மாத்திரை சீட்டு இருக்கா சார்?" என்றேன். இல்லை. போய்விட்டார். அடுத்தவருக்கு மாத்திரை எண்ணும்போது இரண்டு முறை தப்பியது.

19 ஆகஸ்ட், செவ்வாய்

முடிந்தது.

அம்மா வரவில்லை. அண்ணன் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், நான் கூப்பிடவே இல்லை. சின்னையனும் ஜாய்ஸும் இன்னும் பத்துப் பேரும் சுவரோரமாக நின்றார்கள். அப்பா எத்தனையோ கூண்டுகளுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். தாத்தாவைக் கூண்டில் ஏற்றாமல் காப்பாற்றினார். கடைசியில் ஏறியது நான். கைப்பிடி மரம் பிசுபிசுவென்று இருந்தது.

ஆனந்தன் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். பிறகு உப்பிலி சார் எழுந்தார்.

"வெறும் பேப்பர்ல கைநாட்டு வெச்சதா சொல்றீங்க. அப்ப உங்க தாத்தா கோர்ட்டை ஏமாத்தினவர்?"

"அமீனா ஏமாற்றினார். தாத்தா விரலைக் கொடுத்தார். தப்புதான்."

"இந்த நகல் 1998-லேருந்து உங்க அப்பா கையில இருந்திருக்கு. அவர் வக்கீல், அப்புறம் நீதிபதி. இது பொய்யா இருந்தா அவர் சொல்லியிருக்க மாட்டாரா? அவ்வளவு நேர்மையான மனுஷர் ஏன் வாயே தெறக்கலை?"

நல்ல கேள்வி. ஜூலையிலிருந்து நான் அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருக்கும் அதே கேள்வி. அப்பாவின் நேர்மையை வைத்தே அவர் என்னை மடக்கினார். நேர்மையான மனிதர் என்று நான் ஒப்புக்கொண்டால், காகிதம் உண்மை, வீடுகள் போச்சு.

"வெட்கப்பட்டார்" என்றேன்.

"எதுக்கு?"

"எங்க தாத்தா தமுக்கு அடிச்சவர்னு வெளியே தெரியறதுக்கு. அவர கூண்டுல எல்லாரும் பாக்கறதுக்கு. அதனால முப்பத்தோரு வீடு போனாலும் பரவாயில்லன்னு... எங்க அப்பா சும்மா இருந்துட்டார்."

ஜட்ஜ் அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உப்பிலி சார் வேறு கேள்வி இல்லை என்று சொல்லிவிட்டு, உட்காராமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

வெளியே அண்ணன் என் பக்கத்தில் வந்து, "வண்டில ஏறு, வீட்ல வுடறேன்" என்றான். கொளவாய் ஏரி வந்ததும் வண்டியை ஓரம் கட்டி அழுதான். நான் அழவில்லை. எனக்கு வீட்டுக்குப் போய் மூஞ்சி கழுவ வேண்டும் போல இருந்தது.

25 ஆகஸ்ட், திங்கள்

சங்கத்திலிருந்து கடிதம். "தவிர்க்க முடியாத காரணங்களால்" விழா ஒத்திவைப்பு. மலரும் இல்லை. அம்மா படித்து, மடித்து, பைபிளுக்குள் வைத்தாள். அந்தப் புடவையை மறுபடி பீரோவில் அடுக்கினாள். என்னோடு பேசி ஆறு நாளாயிற்று.

3 செப்டம்பர், புதன்

சாப்பாடு மட்டும் வைக்கிறாள். உப்பு சரியாகத்தான் இருக்கிறது.

22 செப்டம்பர், திங்கள்

நிபுணர் அறிக்கை வந்துவிட்டதாக ஆனந்தன் போன் பண்ணினார். இரண்டு கைநாட்டும் ஒரே விரல்.

9 அக்டோபர், வியாழன்

கவுன்டரில் ஒரு வக்கீல் குமாஸ்தா, நான் கேட்கட்டும் என்றே பக்கத்து ஆளிடம் சொன்னான்: "அப்பன் பேர சந்தில இழுத்த பொண்ணு." டோக்கன் நம்பர் கேட்டு மருந்தைக் கொடுத்தேன். எப்போதும் வரும் வாய் இன்று வரவில்லை.

20 நவம்பர், வியாழன்

தீர்ப்பு. சவுக்குமேடு ஜெயித்துவிட்டது. ஐம்பத்தேழில் சுவாதீனம் என்பது காகிதத்தில் மட்டும் நடந்தது, குடிகள் ஒரு நாளும் வெளியேற்றப்படவில்லை, கம்பெனி உள்ளே வரக் கூடாது. அப்பீல் போவார்கள், போகட்டும். ஜாய்ஸ் போனில் பேச ஆரம்பித்து, பேச முடியாமல், போனை யாரிடமோ கொடுத்துவிட்டாள். பின்னால் தகரத்தைப் பிடுங்கும் சத்தம்.

தீர்ப்பில் அப்பாவைப் பற்றி ஒரே ஒரு வரி. "மேற்படி வழக்கறிஞர் இந்த உண்மையை அறிந்திருந்தும் தெரிவிக்கவில்லை." பெயர்கூடப் போடவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "எல்லா வூடுமா?" என்று கேட்டாள். மூன்று மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. எல்லா வீடும் என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

7 டிசம்பர், ஞாயிறு

சின்னையன் எங்கள் வீட்டுக்கு வந்தார், ஜாய்ஸோடு. ஒரு பையில் இளநீர். உட்காரச் சொன்னோம், இந்த முறை எல்லோரும் உட்கார்ந்தோம். சுவரில் சாய்த்து வைத்திருந்த அப்பாவின் படத்தை அவர் பார்த்தார், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

ஊருக்கு நடுவில் பிள்ளைகள் படிக்க ஒரு கூடம் கட்டுகிறார்களாம். அங்கே மாட்ட ஒரு படம் வேண்டும் என்றார். சங்கம் வேண்டாம் என்றதை இவர்கள் கேட்கிறார்களா? எழுந்து அப்பாவின் படத்தைத் தூக்கப் போனேன்.

"அது இல்லம்மா," என்றார் சின்னையன், மெதுவாக. "உங்க தாத்தாவுது. தமுக்குக்காரரு. அவரு அன்னிக்குக் கண்ணாலம் கட்டலன்னா எங்களுக்கு வூடே கெடியாதே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என்ன செய்ய. தாத்தாவுக்குப் போட்டோவே கிடையாது. கோயில் ரிஜிஸ்டர் பக்கத்தைப் பெரிதாக்கித் தருகிறேன் என்றேன், கைநாட்டோடு. அதுவே போதும் என்றார்.

கிளம்பும்போது அம்மா வாசலை மறித்த மாதிரி நின்றாள்.

"அண்ணே, இவரையும் எடுத்துட்டுப் போறீங்களா? ஒரு ஓரமா மாட்டுங்க. அப்பாவும் புள்ளையும் ஒரே எடத்துல இருக்கட்டும்."

சின்னையன் நெடுநேரம் செருப்பைத் தேடினார். செருப்பு காலடியிலேயே இருந்தது. "ஊர்ல கேட்டுச் சொல்றேம்மா" என்றார்.

21 டிசம்பர், ஞாயிறு

ரிஜிஸ்டர் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். நடு சுவரில் மாட்டியிருக்கிறார்கள். மற்றதைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அம்மா அப்பாவின் படத்தைப் பழைய போர்வையில் சுற்றிச் சணல் கட்டி, வாசல் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க வந்த ஆள் இடைஞ்சலாக இருக்கிறது, உள்ளே வைக்கலாமா என்று கேட்டான். வேண்டாம், எப்போது கூப்பிடுவார்களோ தெரியாது, அங்கேயே இருக்கட்டும் என்றாள்.